வெள்ளைத்தாளில் எழுதிய உயில் செல்லுமா?

கேள்வி

எனக்கு வயது 69. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றேன். திண்டுக்கல்லில் என் சம்பளத்திலும் வீட்டுக் கடனிலும் கட்டிய வீடு இருக்கிறது, கடனை அடைத்துவிட்டேன். வேடசந்தூர் பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டம், அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரித்தபோது என் பங்குக்கு வந்தது. வங்கியில் கொஞ்சம் டெபாசிட் உண்டு, அதற்கு மகன் நாமினி. மனைவி பெயரில் அவள் அப்பா கொடுத்த மனை ஒன்று இருக்கிறது.

எனக்கு மூன்று பிள்ளைகள். மகன் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். மூத்த மகளுக்கும் குறையில்லை. இளையவள் கணவனை இழந்து எங்களோடு இருக்கிறாள், குழந்தை இல்லை. என் காலத்துக்குப் பிறகு என் மனைவி கடைசிவரை இந்த வீட்டில் இருக்க வேண்டும், அதன் பிறகு வீடு இளையவளுக்குப் போக வேண்டும். இதுதான் என் ஆசை.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் சீல் வாங்கினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பதிவு செய்யாத உயில் குப்பைக்குச் சமம் என்கிறார் என் மைத்துனர். பத்திர எழுத்தரோ, "உயில் எதற்கு? செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். நானே என் கையால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வைத்தால் செல்லுமா, செல்லாதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்

செல்லும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயிலுக்கு முத்திரைத்தாள் கேட்கவில்லை, நோட்டரி கேட்கவில்லை, பதிவும் கேட்கவில்லை. 63ஆம் பிரிவு கேட்பது மூன்றுதான். எழுதுகிறவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று எழுதியவர் வாயாலேயே கேட்டிருக்க வேண்டும். அந்த இருவரும் எழுதியவரின் கண்முன் தங்கள் கையெழுத்தைப் போட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்திடுவதே பின்னால் வாதத்துக்கு இடம் வைக்காது.

எழுதுவது அவ்வளவு எளிது. ஆனால் உயில் சோதனைக்கு வரும் நாளில் எழுதியவர் உயிருடன் இருக்க மாட்டார். விற்பனைப் பத்திரத்தில் தகராறு வந்தால் எழுதிக் கொடுத்தவரையே கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். உயிலில் அது முடியாது. ஆகவே இரண்டு விஷயங்களில்தான் உங்கள் கவனம் முழுக்க இருக்க வேண்டும்: கொடுக்க நினைப்பது முழுக்க உங்களுடையதுதானா, நாளை உங்களுக்காகப் பேசப்போகிற சாட்சிகள் யார்?

முதலில், எது உங்களுடையது?

வீட்டில் சந்தேகமில்லை. அது சுயார்ஜிதம். யாருக்கு வேண்டுமானாலும், எந்த விகிதத்தில் வேண்டுமானாலும் எழுதலாம். மகன் சம்மதம் தேவையில்லை.

தோட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி: உங்கள் அப்பாவுக்கு அது எப்படி வந்தது? தாய்ப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அவர் சொந்தப் பணத்தில் வாங்கி, 1956க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, வாரிசுகளான நீங்கள் பிரித்துக்கொண்டிருந்தால், உங்கள் பங்கு உங்களுக்கே தனிச் சொத்து. 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது. தாத்தா காலத்திலிருந்து வந்த பூர்வீகச் சொத்தாக இருந்து பாகப்பிரிவினையில் வந்ததென்றால் கதை வேறு. உங்கள் பிள்ளைகளுக்கும் அதில் பிறப்பால் பங்கு உண்டு. தமிழ்நாடு 1989இலேயே மணமாகாத மகள்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. 2005க்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் தீர்ப்பும் வந்துவிட்டது. அப்படியானால் நீங்களும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து நான்கு பங்குதாரர்கள். நீங்கள் உயிலில் எழுத முடிவது உங்கள் நான்கில் ஒரு பங்கை மட்டுமே. முழுத் தோட்டத்தையும் ஒருவருக்கு எழுதினால், மீதி முக்கால் பங்கைப் பொறுத்தவரை அந்த வரிக்கு மதிப்பில்லை. அதோடு, "அப்பாவுக்கு எது தன் சொத்து என்றே தெரியவில்லை, அவர் தெளிவோடு எழுதியிருப்பாரா?" என்று எதிர்த்தரப்பு கேட்க நீங்களே வழி திறந்துவிட்டதாக ஆகும்.

மனைவியின் மனை அவருடையது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி அவருக்கு அதில் முழு உரிமை உண்டு. உங்கள் உயிலில் அதைச் சேர்க்கக் கூடாது. அதற்கு அவரே தனியாக ஓர் உயில் எழுத வேண்டும்.

குடும்ப ஓய்வூதியமும் உயிலில் வராது. அது விதிப்படி யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கே போகும்.

அடுத்து வங்கிப் பணம். நாமினி என்றால் சொந்தக்காரர் என்று ஊரே நினைக்கிறது. அது சரியல்ல. பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் உரிமைதான் நாமினிக்கு. அதை உயில்படியோ வாரிசுரிமைப்படியோ உரியவர்களிடம் சேர்ப்பது அவர் கடமை. இன்சூரன்ஸ் விஷயத்தில் இதை 1984இல் சர்பதி தேவி வழக்கிலும், பங்குப் பத்திரங்கள் விஷயத்தில் 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2015ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, இன்சூரன்ஸில் மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பலனே அவர்களுக்குத்தான் என்ற வாதமும் சேர்ந்துவிட்டது. இந்தச் சிக்கலுக்குள் போகாமலிருக்க எளிய வழி, உயிலில் யாருக்கு எழுதுகிறீர்களோ அவரையே நாமினியாகவும் மாற்றிவிடுவது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினியாகப் போடலாம். உயில் ஒரு பக்கமும் நாமினி இன்னொரு பக்கமும் இழுத்தால் அண்ணனிடம் போய்த் தங்கை பணம் கேட்க வேண்டிவரும்.

மனைவி "ஆயுள்வரை": இந்த வரியில் கவனம்

நம் ஊர் உயில்களில் பத்துக்கு எட்டில் இப்படி ஒரு வரி இருக்கும்: "என் மனைவி தன் ஆயுள் காலம்வரை அனுபவித்து, அவருக்குப் பின் என் பிள்ளை சர்வ சுதந்திரமாக அடைய வேண்டியது." படிக்க நன்றாக இருக்கிறது. சிவில் நீதிமன்றங்களில் இத்தனை காலம் சண்டை நடந்ததும் இதே வரியின் மேல்தான். கணவனிடம் ஜீவனாம்சம் பெறும் உரிமை மனைவிக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்த உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்தில் எத்தனை கட்டுப்பாடு எழுதினாலும் அது அவருக்கு முழு உரிமையாகிவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிலில் வரையறுத்துக் கொடுத்தால் அந்த வரையறை நிற்கும் என்று அதே 14ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. எந்த வழக்கு எந்தப் பக்கம் விழும் என்பது அந்த உயிலின் வாசகத்தைப் பொறுத்தது. முழு உரிமை மனைவிக்கு என்று ஆகி, அவர் உயில் எழுதாமல் போனால், வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். நீங்கள் நினைத்தது நடக்காது.

அதனால் வரிசையை மாற்றி எழுதச் சொல்கிறேன். என் காலத்துக்குப் பின் வீட்டின் உரிமை நேராக இளைய மகளுக்கு. ஆனால் என் மனைவிக்கு ஆயுள்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு. அவர் இருக்கும்வரை வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. மனைவியின் செலவுக்கு வங்கிப் பணம் முழுவதும் அவருக்கே. இப்படி எழுதினால் மனைவிக்குக் கூரையும் இருக்கிறது, கையில் காசும் இருக்கிறது, உரிமை யாருக்கு என்பதிலும் குழப்பமில்லை.

இளைய மகளும் உயில் எழுத வேண்டும்

நீங்கள் கேட்காததை நான் சொல்கிறேன். குழந்தையில்லாத விதவை உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அவர் சொத்து முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்ததற்கு மட்டும் விலக்கு; அது அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். உயில் வழியாக வந்த சொத்து இந்த விலக்குக்குள் வருமா என்பதிலேயே வழக்கு கிளம்பும். 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைக் கேளுங்கள். மணமான மூன்றே மாதத்தில் பாம்பு கடித்துக் கணவனை இழந்த ஒரு பெண், பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய், சொத்து சேர்த்தார். உயில் எழுதவில்லை. அவர் இறந்த பின் அந்தச் சொத்து, வளர்த்து ஆளாக்கிய தாய்க்குக் கிடைக்கவில்லை. கணவனின் சகோதரி மகன்களுக்குப் போனது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது, பரிதாபத்துக்காக அதை மாற்ற முடியாது என்றது நீதிமன்றம். உங்கள் மகள் ஒரே ஒரு பக்க உயில் எழுதினால் இந்த நிலை அவருக்கு வராது.

சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் மைத்துனர் நினைப்பதுபோலப் பதிவு செய்த உயிலும் தானாக நிரூபணமாகிவிடாது. செட்டில்மென்ட், அடமானம் போன்ற பதிவான பத்திரங்களில் எழுதிக் கொடுத்தவர் மறுக்காதவரை சாட்சியைக் கூப்பிட வேண்டியதில்லை. அந்தச் சலுகையைச் சாட்சியச் சட்டம் உயிலுக்கு மட்டும் தரவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் அதையே சொல்கிறது. வழக்கு வந்தால், சாட்சிகளில் குறைந்தது ஒருவராவது நேரில் வந்து "அவர் கையெழுத்திட்டதை நான் பார்த்தேன், நானும் அவர் முன்னால் போட்டேன்" என்று சொல்ல வேண்டும். இருவருமே இறந்துவிட்டால் கையெழுத்தை வேறு வழியில் நிரூபிக்க இடமுண்டு. ஆனால் அது கடினமான பாதை.

ஆகவே சாட்சி உங்களைவிட வயதில் இளையவராக, உள்ளூரில் நிலையாக இருப்பவராக, உங்களை நன்றாகத் தெரிந்தவராக இருக்கட்டும். உயிலில் பங்கு பெறாதவராக இருப்பது முக்கியம். ஒருவர் உங்களை வழக்கமாகப் பார்க்கும் டாக்டராக இருந்தால் நல்லது. நீங்கள் தெளிவோடு இருந்தீர்கள் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். பதிவு அலுவலக வாசலில் கிடைக்கும் முன்பின் தெரியாத ஆளைச் சாட்சியாகப் பிடிக்காதீர்கள். பத்து வருஷம் கழித்து அவரை எங்கே தேடுவீர்கள்?

இன்னொன்று. ஆதாயம் பெறுகிறவரே முன்னின்று உயிலைத் தயாரித்திருந்தால், அந்தச் சந்தேகத்தை அவரே போக்க வேண்டும் என்று 1959இல் வெளியான வெங்கடாசல ஐயங்கார் வழக்குத் தீர்ப்பு சொன்னது. உயில் வழக்குகளில் இன்றும் முதலில் எடுத்துக்காட்டுவது அதைத்தான். அதனால் தட்டச்சுக் கடைக்கும் பதிவு அலுவலகத்துக்கும் இளைய மகள் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். கையெழுத்திடும்போது அவர் அந்த அறையிலேயே இல்லாமல் இருப்பது அவருக்குத்தான் நல்லது.

பதிவு செய்யலாமா?

கட்டாயமில்லை, ஆனால் உங்கள் நிலையில் செய்யச் சொல்வேன். பிள்ளைகளுக்குச் சமமில்லாமல் எழுதுகிறீர்கள். "பிற்பாடு எழுதிச் சொருகிய காகிதம்" என்ற பேச்சைப் பதிவு வாயடைத்துவிடும். எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம். முத்திரைத் தீர்வை கிடையாது. நடக்க முடியாத நிலையிலிருப்பவரின் வீட்டுக்குப் பதிவு அதிகாரி வருவதற்கும் சட்டத்தில் வழியிருக்கிறது. பதிந்த உயிலின் நகலை நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் தர மாட்டார்கள். வில்லங்கச் சான்றிலும் அது தெரியாது. பதிவே வேண்டாம், ரகசியமாக இருக்க வேண்டும் என்றால் ஒட்டி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்தும் வைக்கலாம்.

சென்னை நகரச் சொத்துகள் சம்பந்தப்பட்ட உயில்களுக்கு நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயில் மெய்யானது என்ற சான்று, வாங்குவது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. உங்கள் சொத்து திண்டுக்கல் மாவட்டத்தில், அங்கேயே எழுதுகிறீர்கள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் எப்போதுமே இருந்ததில்லை.

செட்டில்மென்ட் நல்லதா?

பத்திர எழுத்தர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. செட்டில்மென்ட்டை உடைப்பது கடினம். குடும்பத்துக்குள் எழுதும்போது, 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட விகிதப்படி முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். ஆனால் எழுதிய அன்றே வீடு கைமாறிவிடும். பிறகு மனம் மாறினால் நீங்கள் ஒருவராக ரத்து செய்ய முடியாது. "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையை எழுதியிருந்தால், அது மீறப்படும்போது 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு கைகொடுக்கும். அதற்கும் மனு, விசாரணை, அலைச்சல். நாளைக்கு மருத்துவச் செலவுக்கு இந்த வீட்டை விற்க நேர்ந்தால்? உயில் எழுதியிருந்தால் தாராளமாக விற்கலாம். எழுதியவர் இருக்கும்வரை உயில் யாருக்கும் எந்த உரிமையும் தருவதில்லை. 69 வயதில் தலைக்கு மேலிருக்கும் கூரையின் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். உயிலே போதும்.

எப்படி எழுதுவது?

சட்டத் தமிழ் வேண்டாம். நீங்கள் பேசுகிற தமிழில், படிக்க முடிகிற கையெழுத்தில் எழுதுங்கள். எண்ணம் விளங்கினால் போதும், சட்டச் சொற்கள் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது.

தேதி, ஊர், உங்கள் பெயர், தந்தை பெயர், வயது, முகவரி, ஆதார் அடையாளம். பிறகு, சுய நினைவோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் எழுதுவதாக ஒரு வரி. முன்பு எழுதிய உயில் இருந்தால் அதை ரத்து செய்வதாக ஒரு வரி. மனைவி, மூன்று பிள்ளைகள் பெயரையும் எழுதுங்கள். யாரையும் மறந்துவிட்டு எழுதவில்லை என்பதற்கு அது சாட்சி. வீட்டுக்குக் கதவு எண், சர்வே எண், நான்கு எல்லை, பத்திர எண். வங்கிப் பணத்துக்குக் கிளையின் பெயரும் கணக்கு எண்ணும்.

பிறகு காரணம். "மகனும் மூத்த மகளும் நல்ல நிலையில் இருக்கிறார்கள், அவர்கள் படிப்புக்கும் திருமணத்துக்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், இளையவளுக்கு வேறு ஆதரவில்லை என்பதால் வீட்டை அவளுக்கு எழுதுகிறேன்." இந்த மூன்று வரி பெரிய வேலை செய்யும். பிள்ளைகளை ஒதுக்கிய உயிலை நீதிமன்றம் உற்றுப் பார்க்கும். காரணம் சொன்ன உயிலில் அந்தப் பார்வை தணியும்.

இரண்டு வரிகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, "இதில் சொல்லாத, இனிமேல் சேரப்போகிற சொத்துகள் இன்னாருக்கு." இரண்டு, "இளைய மகள் எனக்கு முன்பே காலமானால் வீடு இன்னாருக்கு." நிறைவேற்றுநர் ஒருவரையும் குறிப்பிடுங்கள். முன்னுக்குப் பின் முரணாக எதையும் எழுதாதீர்கள். உயிலில் இரண்டு வாசகங்கள் மோதினால் கடைசியில் இருப்பதே செல்லும். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் சாட்சிகளின் பெயர், தந்தை பெயர், முகவரி, கையெழுத்து.

அசல் எங்கே இருக்கிறது என்பது நிறைவேற்றுநருக்கும் மனைவிக்கும் தெரிய வேண்டும். மகனிடமும் மூத்த மகளிடமும் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் கேட்ட முடிவை ஏற்றுக்கொள்கிறவர்கள்கூட, பதினாறாம் நாள் பீரோவிலிருந்து எடுத்த காகிதத்தை நம்ப மறுப்பார்கள்.

வேறு சில கேள்விகள்

தூத்துக்குடி வாசகி: நாங்கள் கிறிஸ்தவர்கள். அம்மா எனக்கு எழுதிய உயிலில் என் கணவர் சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கிறார். பிரச்சினையா?

பெரிய பிரச்சினை. உங்களுக்குப் பொருந்தும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67ஆம் பிரிவுப்படி, சாட்சிக்கோ சாட்சியின் கணவன், மனைவிக்கோ எழுதிய கொடை செல்லாது. உயில் செல்லும், உங்களுக்கு எழுதிய பங்கு மட்டும் போய்விடும். இந்துக்களுக்கு இந்தப் பிரிவு இல்லை, ஆனாலும் சந்தேகம் வரும். அம்மா இருக்கும்போதே வேறு சாட்சிகளை வைத்துப் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

மேலப்பாளையம் வாசகர்: இஸ்லாமியர் முழுச் சொத்தையும் ஒருவருக்கு உயில் எழுதலாமா?

முடியாது. இறுதிச் சடங்குச் செலவும் கடனும் போக, மீதியில் மூன்றில் ஒரு பங்குவரைதான் உயிலில் எழுத முடியும். அதுவும் வாரிசல்லாதவருக்கு. வாரிசுகளில் ஒருவருக்கு எழுதினாலோ, மூன்றில் ஒன்றைத் தாண்டினாலோ மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.

ஈரோடு வாசகர்: மொபைலில் வீடியோவாகப் பேசிப் பதிந்து வைத்தால் உயில் ஆகுமா?

ஆகாது. மின்னணு ஆவணங்களுக்கு மதிப்புத் தரும் 2000ஆம் ஆண்டுச் சட்டமே உயிலை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. காகிதத்தில் எழுதிக் கையெழுத்திடும் காட்சியை எடுத்து வைத்தால், தெளிவோடு எழுதினார் என்பதற்குத் துணைச் சான்றாகும்.

கும்பகோணம் வாசகர்: பதிவு செய்த உயிலில் ஒரு பெயரை அடித்து மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போதுமா?

போதாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவான உயிலைப் பதிவாகாத பிந்தைய உயிலாலும் ரத்து செய்யலாம். ஆனால் மாற்றமும் உயில் எழுதிய முறையிலேயே நடக்க வேண்டும். நீங்கள் மட்டும் கையெழுத்திட்ட அடித்தல் திருத்தத்துக்கு மதிப்பில்லை. பழைய பெயர் படிக்க முடிகிற நிலையில் இருந்தால் அதுவே செல்லும். சிறிய மாற்றமென்றால் இணைப்பு உயில் எழுதுங்கள், பெரியதென்றால் முழுவதையும் புதிதாக எழுதுங்கள். எதுவானாலும் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்.